மனித மேற்பார்வையாளர்

மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் என்னைப் பொறியாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அலுவலக நிர்வாகம் பார்க்கச் சேர்ந்தவள். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அதை ஒட்டிப் பூக்கடைகள். மொத்தம் இருபத்திரண்டு பேர். கம்பெனிகள் ஆள் எடுப்பதற்கு உதவும் மென்பொருளை விற்கிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் தன் கைப்பேசி முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் பேச வேண்டும். அந்தக் காணொளியைச் செயற்கை நுண்ணறிவு பார்த்து, கேட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். பச்சை என்றால் அடுத்த கட்டம். சிவப்பு என்றால் நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல்.

நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, எங்களைப் போல நிறையப் பேருடைய விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று வந்தது. பாஸ் என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள், நீங்களே இருங்கள் என்றார். இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நான் தரவுப் பாதுகாப்பு அதிகாரி. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், எறும்பு அளவு எழுத்தில், என் பதவியும் அலுவலக முகவரியும் ஏறின.

அடுத்த சில மாதங்களில் இன்னொரு தாள் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி. துறைமுக ஊரான கிள்ளானில் அவர்களுக்குப் பெரிய கிடங்கு உண்டு. ஐரோப்பாவில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, படிப்படியாக அமல்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருளை அதில் அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அந்தக் கம்பெனி, தனக்கு மென்பொருள் கொடுக்கிற எல்லோருக்கும் நாற்பது பக்கக் கேள்வித்தாள் ஒன்றை அனுப்பியிருந்தது. அதில் ஒரு கேள்வி: இயந்திரம் நிராகரிக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு மனிதர் மறுபார்வை செய்கிறாரா? ஆம் எனில், அவருடைய பதவி என்ன?

பாஸ் யோசிக்கவே இல்லை. "நீங்கதான் சிஸ். போட்டுருங்க" என்றார்.

போட்டேன். மனித மேற்பார்வை: தரவுப் பாதுகாப்பு அதிகாரி. எழுதிவிட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை செய்கிறவர். மிஷினுக்கு மேலே ஒரு ஆள் என்றால் நல்ல பொறுப்புதான், எந்நேரமும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றார். அவருடைய வேலையில் அது வெறும் பேச்சு இல்லை. நான் சிரித்தேன்.

என் மேற்பார்வை எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வாரத்துச் சிவப்புப் பட்டியல் எனக்கு வரும். சில வாரம் அறுபது பேர், சில வாரம் நூற்றைம்பது பேர். வரிசையாகப் பெயர், வயது, ஊர், மதிப்பெண். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், காணொளியைத் திறக்க ஒரு சின்ன முக்கோணம். பட்டியலின் மேலே, எல்லாவற்றையும் தேர்வு செய்ய ஒரு சதுரம். முதல் இரண்டு வாரம் முக்கோணங்களைத் தட்டிப் பார்த்தேன். ஒரு காணொளி ஆறு ஏழு நிமிடம் ஓடியது. இருபது பேரைப் பார்ப்பதற்குள் அலுவலகம் மூடும் நேரம் வந்துவிட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து சதுரத்தைத் தட்டி, உறுதி செய் என்பதை அழுத்தப் பழகிவிட்டேன். வாழை இலைச் சாப்பாட்டின் மந்தத்தோடு உட்கார்ந்து அதைச் செய்துவிட்டு, அடுத்து எழுதுபொருள் வாங்கும் பட்டியலைப் பார்ப்பேன். என் மனத்தில் இரண்டுக்கும் ஒரே எடைதான் இருந்தது.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். முன்மேசைப் பெண் என்னிடம் வந்து, கிள்ளானிலிருந்து ஓர் அங்கிள் வந்திருக்கிறார், பெயர் எதுவும் சொல்லாமல் தரவுப் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். அப்படி ஒருவரைத் தேடி அதுவரை யாரும் வந்ததில்லை. அந்த எறும்பு எழுத்தை ஒருவர் கடைசிவரை படித்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. நான் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று மலாயில் கேட்டேன். அவர் உடனே பேசவில்லை. கேள்வி காதில் விழவில்லையோ என்று நான் மறுபடி கேட்கப் போன நேரத்தில், மேடம் தமிழா என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். முகம் தளர்ந்தது.

"தங்கச்சி, நான் வேலை கேட்டு வரல. ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றும் எங்கள் மென்பொருள் அனுப்பிய மின்னஞ்சல்கள், அச்செடுத்து வைத்திருந்தார். ஒன்று அந்தக் கிடங்குக் கம்பெனி, ஒன்று ஒரு குளிர்சாதனக் கிடங்கு, இன்னொன்று பேரங்காடி ஒன்றின் சரக்கு மையம். மூன்றிலும் கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் சரக்குக் கிடங்கில் வேலை செய்தவர். அந்த நிறுவனம் மூடியதும் வேலை போய்விட்டது.

"கம்பெனி மூணும் வேற வேற. லெட்டர் ஒண்ணு. ஒரு கமா கூட மாறல. கீழ இருக்கற விலாசமும் ஒண்ணு" என்றவர், சற்று நிறுத்தினார். "மிஷின் பாத்து வேணாம்னு சொல்லிச்சா, இல்ல ஒரு ஆள் பாத்துச் சொன்னாங்களா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அந்தக் கேள்வித்தாள்தான். அதில் ஆம் என்று எழுதியிருக்கிறேன். இவரிடம் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

"ஆள் பாத்துதான் முடிவு பண்ணுவோம், அண்ணே."

"யாரு பாத்தாங்க?"

"நான்தான். நான் பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்த்ததாக இப்போது நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் அப்படி இல்லை. மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு தாள்களை அடுக்கினார்.

"அப்ப சரி லா. ஒரு மனுஷர் பாத்து வேணாம்னு சொன்னா அதுல ஏதாவது இருக்கும். மிஷினோன்னு நெனச்சுதான் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு."

கோப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். படியிறங்கும்போது, பிஸியா இருக்கற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீங்க என்றார்.

அவர் போன பிறகு, அந்தக் கிடங்குக் கம்பெனிக்கு அவர் அனுப்பிய காணொளியைத் தேடி எடுத்தேன். முக்கோணத்தைத் தட்டினேன்.

அதே வெள்ளைச் சட்டை. பின்னால் ஒரு சாமிப் படம், நாள்காட்டி. முதல் கேள்வி திரையில் வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு விநாடி, ஐந்து விநாடி. பிறகு பேசினார். பேசத் தொடங்கியதும் ஒரு தடுமாற்றமும் இல்லை. அளந்து வைத்த மாதிரி மலாய். இரண்டாவது கேள்வி, வேலையில் சந்தித்த இக்கட்டான நிலையைச் சொல்லுங்கள் என்பது. மறுபடி அதே மௌனம். பிறகு சொன்னார். ஒரு நாள் இறக்குமதிக் கொள்கலன் ஒன்று வந்தது. கதவைத் திறக்கப் போகையில் ஏதோ வாசம். லோரிக்காரர் நேரமாகிறது என்று கத்தினார். மேலாளர் தொலைபேசியில் திறக்கச் சொன்னார். இவர் திறக்கவில்லை. ஆட்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தீயணைப்புப் பிரிவுக்குச் சொன்னார். உள்ளே ஒரு ரசாயனப் பீப்பாய் கசிந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு, 'சாயா பிகிர் டுலு' என்றார். நான் முதலில் யோசிப்பேன் என்று அர்த்தம்.

மதிப்பெண் பக்கத்தைத் திறந்தேன். பதிலின் உள்ளடக்கத்துக்கு நல்ல மதிப்பெண்தான். தன்னம்பிக்கை என்ற கட்டத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டு. அதுதான் மொத்தத்தையும் இழுத்துக் கீழே போட்டிருந்தது.

எங்களிடம் ஓர் இளம் பொறியாளர் இருக்கிறாள், மலாய்ப் பெண், எதைக் கேட்டாலும் சுற்றி வளைக்காமல் சொல்கிறவள். அவளிடம் போய், தன்னம்பிக்கையை இது எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்டேன். அந்தப் பகுதி நாங்கள் எழுதியது அல்ல, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாங்கியது என்றாள். குரலின் ஏற்ற இறக்கம், கண் எங்கே பார்க்கிறது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எத்தனை விநாடி, இவற்றையெல்லாம் சேர்த்துக் கணிக்கிறது. யோசிக்கிறவரையும் பயந்தவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டாள்.

பிறகு அவள் இன்னொன்று காட்டினாள். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் வட்டாரம் என்று ஒரு பெட்டி. அதில் ஐரோப்பா என்று மாற்றினால் தன்னம்பிக்கைக் கட்டமே காணாமல் போய்விடும். வேலை விஷயத்தில் ஒருவருடைய குரலையும் முகத்தையும் வைத்து இயந்திரம் அவர் மனநிலையைக் கணிப்பதை அங்கே சட்டம் தடுத்துவிட்டது. அதனால் விற்ற நிறுவனமே அங்கே அதை எடுத்துவிட்டது. எங்கள் பெட்டியில் ஆசியா என்று இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மென்பொருள். அங்கே ஒரு கிடங்கில் வேலை கேட்பவர் ஐந்து விநாடி மௌனமாக இருக்கலாம். கிள்ளானில் கேட்பவர் இருக்கக் கூடாது.

நான் எழுந்திருக்கப் போகும்போது அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, மறுபார்வைக்கும் பதிவு இருக்கிறது என்றாள். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று எல்லாம் சேமிக்கிறது. என் பெயரில் இருந்ததைத் திறந்தாள். நான் உறுதி செய்வதற்கு முன் அவருடைய காணொளிகள் மூன்றும் திறக்கப்படவே இல்லை. அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் முழுப் பட்டியலுக்கும் நான் எடுத்துக்கொண்ட நேரம் அந்த மனிதர் ஒரு கேள்விக்கு முன்னால் மௌனமாக இருந்த நேரத்தைவிடக் குறைவு. அவள் திரையை மூடிவிட்டு, தண்ணீர் புட்டியை நிரப்பிக்கொண்டு வரப் போனாள்.

பாஸிடம் போனேன். அவர் செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்தவர், என் வயதுதான். கெட்டவர் இல்லை. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். நம் நாட்டில் இதற்கு இன்னும் சட்டம் இல்லை, வழிகாட்டி நெறிகள்தான் இருக்கின்றன, அவையும் விருப்பப்பட்டால்தான் என்றார். சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வரட்டும், வந்த மறுநாளே மாற்றிவிடலாம் என்றார். தன்னம்பிக்கை மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பாதி வாடிக்கையாளர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள் என்பதையும் சொன்னார். நான் கிளம்பாமல் நின்றேன். அப்போதுதான் அவர் குரலை மாற்றிக்கொண்டு பேசினார்.

"சிஸ், முன்ன மனுஷங்க பாத்தாங்களே, அப்ப என்ன நியாயமா நடந்துச்சு? படிச்சு முடிச்சு நானும் அம்பது இடத்துல மனு போட்டேன். ஒரு இடத்துல, நான் நிக்கறது தெரியாம, என் தமிழ்ப் பேரைப் பாத்ததுமே அந்த ஆள் தாளை ஒதுக்கி வெச்சான். படிக்கல. பேரு மட்டும்தான். இந்த மிஷினுக்கு நம்ம பேரு தெரியாது. அதுக்குத்தான் இதை ஆரம்பிச்சேன்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் வீடுகளில் அந்த மாதிரி ஒரு கதை இல்லாத வீடு கிடையாது. என் இருக்கைக்குத் திரும்பி வந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் பெயரைப் பார்த்து ஒதுக்கியதற்கு மாற்றாக வந்த இயந்திரம், இப்போது பேச்சுக்கு முன் வரும் மௌனத்தைப் பார்த்து ஒதுக்குகிறது. இயந்திரம் தவறினால் பிடிப்பதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அந்த மனிதர் பெயரைக்கூடப் படிக்காமல் ஒதுக்குகிறார். அன்று அந்த ஆள் ஒரு தாளை ஒதுக்கினான். நான் ஒரே தட்டில் நூறு தாளை ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். முடிந்தவரை. ஆனால் கிள்ளான்காரருக்கு நான் தொலைபேசி போடவில்லை. எண் என் மேசையிலேயே இருந்தது. போடுவதென்றால் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்குத் தள்ளினேன்.

இரண்டு மாதம் போல ஆனதும் அந்தக் கேள்வித்தாள் மறுபடி வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமாம். பழைய பதில்கள் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. மாற்றம் இல்லையென்றால் கையெழுத்து மட்டும் போதும். மனித மறுபார்வை பற்றிய கேள்வி பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த ஆம் என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அழித்துவிட்டு, இல்லை என்று எழுதினேன். கீழே விளக்கம் கேட்டிருந்த இடத்தில், சென்ற ஆண்டு கொடுத்த பதில் தவறானது, பட்டியல் மொத்தமாக உறுதி செய்யப்பட்டது, உறுதி செய்தவள் நான் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் பாஸிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதை அனுப்பினா அவங்க போயிடுவாங்க. தெரியும்தானே?"

"தெரியும், பாஸ். ஆனா இதுல கையெழுத்துப் போடறது நான்."

"நான் அனுப்ப விடமாட்டேன்னு சொன்னா?"

"இன்னொரு தடவை ஆம்னு என்னால எழுத முடியாது. வேற யாரையாவது அந்தப் பதவியில போட்டுக்குங்க."

அவர் என்னைப் பார்க்காமல், அனுப்புங்கள் என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவர் என்னிடம் நேரில் பேசவில்லை. பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பினார். நான் வேலை போய்விடும் என்று எதிர்பார்த்து, வேறு இடங்களில் மனுப் போடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவற்றில் ஒன்று எங்கள் மென்பொருள் வழியாகத்தான் போடச் சொன்னது. மூடிவிட்டேன்.

வாடிக்கையாளர் போகவில்லை. கோபமாகக்கூட எழுதவில்லை. புதிய ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, நாங்கள் என்ன சரி செய்வோம், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று ஒரு திட்டம் கேட்டார்கள். பொறியாளர் பெண்ணும் நானும் சேர்ந்து எழுதினோம். வட்டாரம் எதுவாக இருந்தாலும் தன்னம்பிக்கைக் கட்டம் வேண்டாம். எல்லாவற்றையும் தேர்வு செய்யும் சதுரம் வேண்டாம். காணொளியை முழுதாகப் பார்க்காமல் நிராகரிப்பை உறுதி செய்ய முடியாதபடி பூட்டு. நிராகரித்தாலும் சிவப்பை மாற்றினாலும் காரணத்தை வாக்கியமாக எழுத வேண்டும். கேட்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டும். பாஸ் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தந்தார். உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர், தன்னம்பிக்கை மதிப்பெண் இல்லாவிட்டால் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். பாஸ் அதையும் மின்னஞ்சலில்தான் எனக்குத் தெரிவித்தார், ஒரே வரி.

அந்தத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்ட மறுநாள்தான் கிள்ளானுக்குத் தொலைபேசி போட்டேன். வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்து, நீங்க எதுக்குத் தங்கச்சி அலையறீங்க என்றார். பிறகு சனிக்கிழமை வரச் சொன்னார்.

கொமுட்டர் ரயிலில் போனேன். கிள்ளான் நிலையத்துக்கு வெளியே எனக்காக நின்றுகொண்டிருந்தார். லிட்டில் இந்தியாவில், புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். காலைப் பசியாறும் நேரம் முடிந்திருந்ததால் கூட்டம் இல்லை. இரண்டு தேநீர் சொன்னார். ஜெஞ்சாரோமில் ஒரு தோட்ட உரக்கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் சேர்த்துவிட்டார், மூன்று வாரமாகப் போகிறேன் என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடலாம் என்ற ஆசை வந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க வீடியோவ நான் பாக்கல. யாரும் பாக்கல. மிஷின் போட்ட மார்க்குக்கு நான் பட்டன் மட்டும்தான் அழுத்தினேன். நீங்க போனப்பறம்தான் பாத்தேன்."

அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்குப் பழகியிருக்க வேண்டும். ஆனால் பழகவில்லை.

"நான் நம்பிட்டேன் தங்கச்சி" என்றார். "ஒரு மனுஷி பாத்துருக்காங்க, என் பேச்சுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன். சின்ன வயசுல எனக்கு வாய் திக்கும். பள்ளிக்கூடத்துல பசங்க சிரிப்பாங்க. பேசறதுக்கு முன்னால மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டுப் பேசுன்னு ஒரு டீச்சர் சொன்னாங்க. அதுல இருந்து இப்படித்தான். உங்கள பாத்துட்டு வந்தப்பறம், இந்த வயசுல, கண்ணாடி முன்னால நின்னு வேகமா பேசிப் பழகினேன். மறுபடி திக்க ஆரம்பிச்சுருச்சு."

அவரை நிராகரித்தது இயந்திரம். ஆனால் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தது நான். உண்மையைச் சொல்லியிருந்தால் இயந்திரத்தைத் திட்டிவிட்டு ரயில் ஏறியிருப்பார். ஒரு மனிதர் பார்த்தார் என்ற நம்பிக்கைதான் அவரைப் போட்டு வாட்டியிருக்கிறது. என் பொய்யின் எடை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை லேசாக அசைத்தார். மன்னித்தேன் என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

அந்தக் கிடங்கு வேலைக்கு மறுபடி மனுப் போடலாம், இந்தத் தடவை நானே பார்ப்பேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். உரக்கிடங்கில் யாரும் அவசரப்படுத்துவதில்லையாம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. ஏன்னு எழுத்துல குடுங்க."

எழுதிக்கொண்டே வந்திருந்தேன். அலுவலகத் தாளில், தமிழில். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. சட்டத்தின் வார்த்தைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வழவழவென்று வருகின்றன. தமிழில் எழுதினால் ஒவ்வொன்றும் யார் செய்தது என்று கேட்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். 'தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் காணொளி முறையாக மதிப்பிடப்படவில்லை' என்ற வரி.

"இது என்னா காரணம்?" என்று கேட்டார்.

நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். மேலே, 'தங்கள் காணொளியை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது என் பொறுப்பு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேநீருக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

சட்டம் இன்னும் வந்தபாடில்லை. வரும் என்கிறார்கள். வரைவு பற்றிக் கருத்துச் சொல்ல அழைத்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் மனித மேற்பார்வை அவசியம் என்றார்கள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள் என்று சட்டத்தில் இருக்குமா என்று கேட்டேன். நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். குறித்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பாஸ் இப்போது பேசுகிறார். போன மாதம், என்னிடம் எதுவும் சொல்லாமல், மறுபார்வைக்கு இன்னொரு ஆளை எடுத்தார். நேரில் உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசி எடுத்தார்.

இன்று பதினெட்டுக் காணொளிகள் பார்த்தேன். சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு பெண், சரக்குக் கணக்கர் வேலைக்கு. இரண்டாவது பதிலின் நடுவில் நிறுத்தி, கேமராவுக்கு வெளியே திரும்பி, அடுப்பை அணைக்கச் சொல்லி யாரிடமோ கத்தினார். பிறகு திரும்பி, சாரி என்று சிரித்துவிட்டு, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். இயந்திரம் சிவப்புப் போட்டிருந்தது. நான் அதை மாற்றிவிட்டு, காரணக் கட்டத்தில் எழுதத் தொடங்கினேன்.